ஃபேன் புட்டு, லைட் புட்டு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம், கோவில்பட்டி வெயிலப் பத்தி தெரிஞ்சவங்களுக்கு நான் தனியா சொல்ல வேண்டியதில்ல, சாப்ட்டுட்டு அப்படியே தரையில சாஞ்சேன். பக்கத்துல படுத்திருந்த பாப்பா மேல பாத்துக்கிட்டே "அம்மா, புட் தி ஃபேன்"ன்னா. அந்தப் பக்கம் வெத்தல மடிச்சுக்கிட்டிருந்த எங்கம்மா (புள்ளைகளுக்கு ஆச்சி) காதுல "புட்டு" மட்டும் விழுந்திருக்கு போல, "புட்டா? இந்நேரத்துல யாருட்டி புட்டு அவிச்சா?"ன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாங்க.

எனக்கு சிரிப்பு வந்திருச்சு, ஆனா வாய்க்குள்ளயே அடக்கிட்டேன். ஏன்னா அவ தப்பா ஒண்ணும் யோசிக்கல. ஃபேன் போடு, லைட் போடு, சட்ட போடு, சோறு போடு, கோலம் போடு, பூட்டு போடு, ஊசி போடு, சண்ட போடு, கோழி முட்ட போடுது, இதெல்லாம் நாள் பூரா அவ காதுல விழுறது. ஒத்த "போடு"வ வச்சு நாம பாதி குடும்பமே நடத்துறோம். இங்கிலீஷ்காரங்க என்னடான்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, ஃபேனுக்கு டர்ன் ஆன், சட்டைக்கு வேர், சோத்துக்கு சர்வ், கோலத்துக்கு டிரா, முட்டைக்கு லே. அஞ்சு வயசுப் புள்ளைக்கு இது தெரியுமா? அது போடுன்னா புட்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் புட்டு புட்டு வைக்குது. நான் ஒண்ணும் திருத்தல. "ஓகே, ஐ வில் டர்ன் ஆன் தி ஃபேன்"ன்னு சொல்லிக்கிட்டே சுவிட்ச தட்டுனேன், அவ்வளவுதான்.

இத எழுதுறதுக்கு காரணம், பாப்பா கூட படிக்கிற புள்ளையோட அம்மா ஒருத்தங்க ஸ்கூல் வாசல்ல நிக்கும்போது "உங்க பொண்ணு இங்கிலீஷ்ல ஏதோ பேசுதே, எங்க டியூஷன் அனுப்புறீங்க"ன்னு கேட்டாங்க. டியூஷன்லாம் இல்லங்க, வீட்ல சும்மா பேசுறதுதான்னு சொன்னேன், நம்பல, நான் மறைக்கிறேன்னு நெனச்சுட்டாங்க போல. அதான் நடந்தத நடந்தபடி எழுதி வச்சிருவோம்னு.

மொதல்ல என்னப் பத்தி. நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜ்ல பி.எஸ்சி. சேந்த அன்னைக்கு மேடம் வந்து எல்லாரும் எந்திரிச்சு இங்கிலீஷ்ல அறிமுகம் பண்ணிக்கோங்கன்னு சொன்னப்ப எனக்கு வயித்தக் கலக்குனது இன்னும் ஞாபகம் இருக்கு. படிச்சா புரியும், எழுதச்சொன்னா எழுதிருவேன், வாயத் தொறந்தா மட்டும் வராது. ஒரு வாக்கியத்த மனசுக்குள்ள தமிழ்ல வச்சு, அத இங்கிலீஷாக்கி, கிராமர் சரியான்னு ஒரு தடவ ஓட்டிப் பாத்து, சொல்லலாம்னு நிமிந்தா எதுக்க நின்னவங்க போயிருப்பாங்க. இந்த கஷ்டம் எம் புள்ளைக்கு வரக்கூடாதுன்னு நெனச்சேன், எல்லா அம்மாவும் நெனைக்கிறதுதான்.

அதனால பாப்பா எல்.கே.ஜி. சேந்ததும் நான் பண்ண மொத காரியம், எல்லாரும் பண்ற அதே காரியம், "வாட் இஸ் திஸ்?" விளையாட்டு. ஆப்பிள காட்டி வாட் இஸ் திஸ், பந்த காட்டி வாட் இஸ் திஸ், மூக்க தொட்டு வாட் இஸ் திஸ். ஒரு வாரம் சொன்னா. அப்புறம் நான் ஆப்பிள கையில எடுத்தாலே ஓடிருவா. யோசிச்சுப் பாத்தா நியாயந்தான், ஆப்பிள் என்னன்னு எனக்கே தெரியும், தெரிஞ்ச ஒண்ண எதுக்கு அவகிட்ட கேக்கணும்? என் வீட்டுக்காரர் தெனமும் சாப்பாட்டுல உக்காந்து ரசத்த காட்டி "இது என்ன"ன்னு கேட்டா நான் சும்மா இருப்பேனா.

இன்னொண்ணும் அப்பதான் உறைச்சுது. பேர் சொல்லிக்குடுக்க வேண்டிய வேலையே இல்ல, புள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். ஒரு நா ராத்திரி தூக்கம் வராம படுத்துக்கிட்டு, நம்ம வீட்ல தமிழ் மாதிரியே புழங்குற இங்கிலீஷ் வார்த்தைய மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். சோப்பு, பேஸ்ட், பிரஷ், பக்கெட், மக்கு, கேஸ், குக்கர், மிக்ஸி, பிளேட், ஸ்பூன், டம்ளர், ஃபிரிட்ஜ், சுவிட்ச், பல்பு, கரண்ட், போன், சார்ஜர், பஸ், ஆட்டோ, டிக்கெட், பேக், பென்சில், ரப்பர், டீச்சர், லீவு... அடுப்படியத் தாண்டி ஹாலுக்கு வர்றதுக்குள்ளயே அறுவதுக்கு மேல வந்திருச்சு. ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நாம சொல்றோம், அவங்களுக்கும் இது அத்தனையும் தெரியும். தெரியாதது எது? அந்த சோப்ப என்ன பண்றது, பிளேட்ட எங்க வைக்கிறது, பஸ்ஸுக்கு எப்ப கெளம்புறது, அதச் சொல்ற வார்த்தைதான். டேக், கிவ், பிரிங், ஓப்பன், ஷட், வெயிட், போர் (ஊத்து), வைப் (தொடை). வினைச்சொல். ஸ்கூல்ல குடுத்த கலர் புக்ல இது இருக்காது, ஏன்னா "கொண்டு வா"ன்னு படம் போட முடியாதுல்ல.

இது எனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கணும், ஏன்னா கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் நான் இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருந்தேன். கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்ததுல விட்டுப்போன படிப்ப ஈடுகட்ட 2021 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சதுதான் அது, மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகை, சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல எங்க வீட்டுத் திண்ணையில பதினெட்டு புள்ளைக வந்து உக்காரும். அதுக எல்லாத்துக்கும் தடங்கல் இல்லாம வர்ற இங்கிலீஷ் வாக்கியம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு "மே ஐ கம் இன் மிஸ்", இன்னொண்ணு "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்". திண்ணையில கதவே கெடையாது, ஆனாலும் வந்து நின்னு மே ஐ கம் இன் கேக்கும். ஏன் அந்த ரெண்டு மட்டும் வாயில நின்னுச்சு? தேவை. அத சொல்லலைன்னா உள்ள விட மாட்டாங்க, இல்ல டிரவுசர்லயே போகணும். அவசரத்துக்கு வந்த வார்த்தை எந்தக் காலத்துக்கும் மறக்காது. அன்னைக்கு இத சிரிச்சுட்டு விட்டுட்டேன், எம் புள்ளைன்னு வந்தப்பதான் புடிபட்டுச்சு.

சரி, என்ன பண்ணோம்னு சொல்றேன்.

தோசை. எங்க வீட்ல ராத்திரி பெரும்பாலும் தோசைதான், அதுதான் எங்க கிளாஸ். கல்லு காயும்போது கரண்டியில மாவ எடுத்து வச்சுக்கிட்டு "பிக் ஒன் ஆர் ஸ்மால் ஒன்?"னு கேப்பேன், கையால பெருசு சிறுசு காட்டிக்கிட்டே. மொத நாலஞ்சு நாள் "பெருசு"ன்னுதான் சொன்னா. நானும் "ஓ, பிக் ஒன்!"னு சொல்லிட்டு ஊத்திருவேன். இங்கிலீஷ்ல சொன்னாதான் தோசைன்னு ஒரு நாளும் நிப்பாட்டுனது இல்ல, சாப்பாட்டுல அந்த வெளாட்டு கூடாது. ஒரு வாரம் கழிச்சு அவளே "பிக்"னா. அப்புறம் "பிக் ஒன்". அப்புறம் ஒரு நாள் நான் கேக்குறதுக்கு முன்னாடியே "ஸ்மால் ஒன், நோ, பிக் ஒன், நோ நோ, ஸ்மால் ஒன்"னு வேணும்னே இழுக்குறா, மாவு கரண்டியில சொட்டிக்கிட்டிருக்கு, அவளுக்கு ஒரே சிரிப்பு. இது என்னன்னா, இங்க நான் கேக்குற கேள்விக்கு பதில் எனக்கு நெசமாவே தெரியாது. அவ சொன்னாதான் தெரியும். வாட் இஸ் திஸ்சுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான்.

அதுலயே வெயிட், ஹாட், டோன்ட் டச், ஃப்ளிப் இட், ஒன் மோர், இனஃப் எல்லாம் வந்திருச்சு. "முறுமுறுன்னு" மட்டும் அப்படியே நிக்குது. கிரிஸ்பின்னு சொல்லிப் பாத்தேன், ஒத்துக்கல, "மொறுமொறு ஒன்"னு கேக்குறா. நானும் விட்டுட்டேன், கிரிஸ்பில அந்த சத்தம் இல்லதான்.

அடுத்தது பஸ் வெளாட்டு. அண்ணன் மகன் ரெண்டாவது படிக்கிறான், அரசுப் பள்ளி, பக்கத்துத் தெரு, லீவு நாள்ல இங்கதான் இருப்பான். நாற்காலிய வரிசையா போட்டு அவன் கண்டக்டர், பாப்பா டிரைவர், நானும் ஆச்சியும் பொம்மைகளும் பாசஞ்சர். நம்ம ஊர் கண்டக்டர்க ஏற்கனவே பாதி இங்கிலீஷ்லதான பேசுறாங்க, "ஹோல்டான்", "ரைட் ரைட்". இந்த ஹோல்டான் என்னன்னு எனக்கே ரொம்ப நாள் தெரியாது, அது "ஹோல்ட் ஆன்"தான், நம்ம பஸ்ல ஏறி ஏறி ஒரே வார்த்தையாயிருச்சு. "வேர் ஆர் யூ கோயிங்?"னு அவன் கேக்கணும்னு சொல்லிக்குடுத்தேன். "ஒன் டிக்கெட் டு கழுகுமலை", "ஒன் டிக்கெட் டு எட்டயபுரம்". ஆச்சிகிட்ட வந்து கேட்டான், ஆச்சி கெத்தா "சங்கரன்கோயிலு ஒன்னு"ன்னாங்க. அவன் காச கேட்டு கைய நீட்டிட்டு, டக்குனு ஞாபகம் வந்து, "நோ நோ, லேடீஸ் ஃப்ரீ!"ன்னு ஒரு துண்டு பேப்பர கிழிச்சுக் குடுத்தான். 2021ல வந்த திட்டம், அதுக்கு முன்னாடி டவுன் பஸ்ல பொம்பளைக காசு குடுத்து போனதே இவனுக்குத் தெரியாது. கெட் இன், கெட் டவுன், மூவ் இன்சைட், சிட் ஹியர், நோ சேஞ்ச், எல்லாம் இந்த பஸ்லதான் ஏறுச்சு. சில்லறை சண்ட கூட இங்கிலீஷ்ல நடந்துச்சு, "கிவ் சேஞ்ச்!" "நோ சேஞ்ச்!" "கெட் டவுன்!"

அவன் ஸ்கூல்ல எண்ணும் எழுத்தும்னு ஒரு அரசுத் திட்டம் இருக்கு, 2022 ஜூன்ல ஆரம்பிச்சது, புள்ளைகள அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க நெலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு ஆட்டம் பாட்டமா சொல்லிக்குடுப்பாங்க. அதனால அவனுக்கு ஆடிக்கிட்டே படிக்கிறது புதுசில்ல. பாப்பா ஸ்கூல்லதான் நோட்டுல ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொல்வாங்க, அத பேசுனா இந்த போஸ்ட் வேற பக்கம் போயிரும்.

ஆச்சிய வச்சு ஒரு வெளாட்டு இருக்கு, "ஆச்சி சேஸ்". ஆச்சி சொன்னதாச் சொன்னா செய்யணும், வெறுமன சொன்னா செய்யக்கூடாது. "ஆச்சி சேஸ், டச் யுவர் நோஸ்", "ஆச்சி சேஸ், ஜம்ப்", "சிட் டவுன்!" இப்ப உக்காந்தவங்க அவுட்டு. இதுல புள்ளைக வாயே தொறக்க வேண்டாம், கேட்டு ஒடம்பால செஞ்சா போதும். ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960கள்லயே இத ஒரு பயிற்சி முறையா பண்ணிருக்காரு, கட்டளைய கேட்டு ஒடம்பு அசஞ்சா மொழி தங்கும்கிறது அவரு கணக்கு. நாம புள்ளைய வளக்குறதும் அப்படித்தான, "கை வீசம்மா", "சாஞ்சாடு"ன்னு பேச்சு வர்றதுக்கு முன்னாடியே ஒடம்ப ஆட்டிருதோம். ஆச்சி ரெண்டு நாள் "எனக்கு ஒரு எழவும் புரியல"ன்னுக்கிட்டு இருந்தவங்க மூணாவது நாள் அவங்களே "ஆச்சி சேஸ், பிரிங் வெத்தல பொட்டி"ன்னாங்க. கொண்டு வந்து குடுத்தா. அன்னைல இருந்து ஆச்சிக்கு வேல மிச்சம்.

இப்ப நான் பண்ண பெரிய தப்பு.

ஸ்கூல் மீட்டிங்ல வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. நானும் வீராப்பா சாயந்தரம் ஆறுல இருந்து ஏழு வரைக்கும் இங்கிலீஷ் மட்டும்னு ஒரு சட்டம் போட்டேன். மொத நாள் பாப்பா வந்து தமிழ்ல என்னமோ கேட்டா, நான் "இன் இங்கிலீஷ், இன் இங்கிலீஷ்"னேன். திரும்ப வந்து பாவாடைய புடிச்சுக்கிட்டு கேட்டா, திரும்ப "இன் இங்கிலீஷ்". அப்புறம் போய் ஜன்னல்கிட்ட உக்காந்துட்டா. ஏழு மணி ஆனதும் நான் "வாடா செல்லம்"னு கூப்ட்டேன், வந்து மடியில உக்காந்து மொகத்தப் பாத்துட்டு கேட்டா, "அம்மா, எம்மேல கோவம் போயிருச்சா?"

எனக்கு எங்க அடிக்கிறதுன்னு தெரியாம அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவளப் பொறுத்தவரைக்கும் அம்மா பேச்ச மாத்துனா அம்மா கோவமா இருக்கான்னு அர்த்தம். தமிழ்லதான் நான் அவள கொஞ்சுறேன், திட்டுறேன், தூங்க வைக்கிறேன், அத பூட்டி வச்சுட்டு ஒரு மணி நேரம் வேற யாரோ மாதிரி நின்னுருக்கேன். அன்னைக்கோட அந்தச் சட்டத்த தூக்கிப் போட்டேன். அடுத்த மீட்டிங்ல கேட்டாங்க, பேசுறோம் மிஸ்னு சொல்லி வச்சேன்.

அந்த ராத்திரிதான் சாக்ஸு பொறந்தான். அவ ஸ்கூல் சாக்ஸ்ல ஒண்ணு தொலஞ்சு ஒண்ணு மட்டும் கெடந்துச்சு, அதுல ரெண்டு கருப்பு பட்டன தச்சு கண்ணாக்கி, கையில மாட்டி, கதவு இடுக்குல நீட்டி, கொரல மாத்தி "ஹலோ"ன்னேன். பாப்பா "யாரு நீ?"ன்னா. சாக்ஸு முழிக்கிறான், தலைய சொறியுறான், "சாரி, நோ தமிழ்"ங்கிறான். அவ என்னப் பாத்தா, "அம்மா, இவனுக்கு தமிழ் தெரியாதாம்மா?" "ஆமாடா, பாவம், தூரத்து ஊர்ல இருந்து வந்திருக்கான், யாருமே அவங்கூட பேச மாட்டேங்குறாங்க"ன்னேன். அவ்வளவுதான், மொகமே மாறிருச்சு. அவனுக்கு பசிக்குமேன்னு கவல. கிட்ட போய் கேக்குறா, "யூ ஹங்க்ரியா?"

அந்த "ஆ"வ பாத்தீங்களா. நமக்கு கேள்வி கேக்கணும்னா ஒரு ஆ போட்டா முடிஞ்சுது, வந்தானா, சாப்ட்டானா, இவனா அவனா. இங்கிலீஷ்ல வாக்கியத்தையே திருப்பிப் போடணும். எனக்கு காலேஜ்ல வராதது அதுதான். சாக்ஸு திருத்தல, "ஆம் ஐ ஹங்க்ரி? யெஸ், வெரி வெரி ஹங்க்ரி"ன்னான். அவ ஓடிப் போய் ஒரு இட்லிய எடுத்துட்டு வந்து அவன் வாய்கிட்ட, அதாவது எங்கையில, அமுக்குறா. "வாட் இஸ் திஸ்?"னு சாக்ஸு கேக்குறான். இந்தத் தடவ அந்தக் கேள்விக்கு ஓடல, ஏன்னா அவனுக்கு நெசமாவே இட்லின்னா தெரியாதே! "திஸ் இஸ் இட்லி. ஒயிட். சாஃப்ட். யூ ஈட்"னா. சாக்ஸு "இட்... டி... லி?"ன்னான். "நோ நோ! இட்லி! சே இட்லி!" அரை மணி நேரம் அவனுக்கு தமிழ் சொல்லிக்குடுத்தா, இங்கிலீஷ்ல. எங்கை மரத்துப்போச்சு, முழங்கை வரைக்கும் சட்னி.

அன்னைக்கு அப்புறம் கத வேற மாதிரி போச்சு. எனக்கு தமிழ், சாக்ஸுக்கு இங்கிலீஷ், யார்கிட்ட எதுன்னு அவளுக்கு கொழப்பமே இல்ல. மொத ரெண்டு மாசம் அவன்கிட்ட ரொம்ப பேசல, அவன் பேசுறத கேட்டுக்கிட்டேதான் இருந்தா. நான் பயந்தேன். ஸ்டீபன் கிராஷன்னு ஒரு மொழியியல் அறிஞர், புரியுற மாதிரி நெறைய காதுல விழுந்தாதான் மொழி உள்ள போகும், அதுக்கு முன்னாடி ஒரு அமைதியான காலம் இருக்கும், அப்ப புடிச்சு உலுக்கக்கூடாதுன்னு சொல்றாரு. கைக்கொழந்த ஒரு வருசம் நம்ம வாயையே பாத்துட்டுதான ஒரு நாள் "ம்மா"ங்குது, யாராவது அதுக்கு டியூஷன் வச்சோமா.

வந்தப்புறம் என்னென்ன வருது தெரியுமா. "ஹங்க்ரி இஸ் கமிங்", பசி வருது. "சன் இஸ் பீட்டிங்", வெயில் அடிக்குது (இதுல பாதி சரிதான், இங்கிலீஷ்காரனுக்கும் வெயில் பீட்டிங் டவுன்தான்). காலிங் பெல் சத்தம் கேட்டா "பெல் இஸ் பீட்டிங்". "யெஸ்டர்டே ஐ கோ"ன்னுக்கிட்டிருந்தவ திடீர்னு "ஐ கோட்"னா. ஜம்ப்டு, பிளேய்டு எல்லாத்துக்கும் கடைசில ஒரு டு வருதுன்னு பாத்து, கோவுக்கும் ஒண்ணு ஒட்டிட்டா. இங்கிலீஷ் தாய்மொழியா இருக்குற புள்ளைகளும் சின்னதுல இதே தப்ப பண்ணும், ஈட்டட்னும் சொல்லும். நான் அவகிட்ட கோட்னு ஒரு நாளும் சொன்னதில்ல, அப்ப அது கேட்டு ஒப்பிச்சது இல்ல, அவளா யோசிச்சு செஞ்சது. எனக்கு அந்த கோட்ட திருத்தவே மனசு வரல. "ஓ, யூ வென்ட் தேர்?"னு சாக்ஸு கேட்டுட்டு போயிருவான்.

உறவுமுறைல ஒரு சண்டையே நடந்துச்சு. ஸ்கூல்ல எல்லாரையும் அங்கிள் ஆன்ட்டின்னு சொல்லிக்குடுக்க, இவ வந்து பெரியப்பாவும் அங்கிளா, மாமாவும் அங்கிளா, பால்காரரும் அங்கிளான்னு கேக்குறா. அப்ப மாமா யாரு? நான் சொல்லிட்டேன், ஆச்சிக்கு ஆச்சிதான், மாமாவுக்கு மாமாதான், இங்கிலீஷ்லயும் அதான். அதே மாதிரி "யூ". ஆச்சிய நீங்கன்னுதான் கூப்புடணும்னு வளத்து வச்சிருக்கோம், சாக்ஸையும் யூங்கிறா ஆச்சியையும் யூங்கிறா. ஆச்சி, "என்னட்டி, என்னையும் அந்த கால்சட்டையையும் ஒண்ணா வச்சுட்ட"ன்னு கேட்டாங்க, சாக்ஸ கால்சட்டைன்னுதான் சொல்வாங்க, நாங்க திருத்தல.

சத்தத்துக்கு ஒரு சின்ன வித்தை இருக்கு, அண்ணன் மகனுக்கு இது ரொம்ப புடிக்கும். தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள வாய்க்கு முன்னாடி தொங்க விட்டுக்கணும். மட்டைக்கு ஒரு பேட், தட்டிக்குடுக்குறதுக்கு ஒரு பேட், பாருங்க தமிழ்ல எழுதிக்காட்டக்கூட முடியல, ரெண்டும் ஒரே எழுத்தாயிருது. "தம்பி", "அம்பு"ல வர்ற கனத்த ப சொன்னா தாள் சும்மா இருக்கும். தட்டிக்குடுக்குற பேட்ட இங்கிலீஷ்காரங்க சொல்ற மாதிரி காத்த வெடிச்சு விட்டு சொன்னா தாள் துள்ளணும். "ஃபேன்"னா மேல் பல்லு கீழ் ஒதட்ட தொடணும், தாள் நிக்காம படபடன்னு ஆடணும். இஸ்கூலுக்கு எங்க வீட்டு குக்கர் உதவுச்சு, விசில் வர்றதுக்கு முன்னாடி ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும்ல, "குக்கர் மாதிரி ஆரம்பி"ன்னா ஸ்ஸ்கூல் வந்திருது. இத தாண்டி உச்சரிப்பு பத்தி நான் கவலப்படுறதில்ல. எங்க தெருவுல ஒரு புள்ள போன்ல கார்ட்டூன் பாத்து பாத்து மூக்கால அமெரிக்கா பேசுது, அதோட ஆத்தா பக்கத்துல நின்னு பெருமையா சிரிக்கிறாங்க, தண்ணி வேணும்னு கேக்கத் தெரியல அதுக்கு.

அண்ணன் மகன் கொஞ்சம் ரோசக்காரன். ஒரு நாள் "எதுக்கு அத்தை நாமளே அவங்க வார்த்தைய படிக்கணும், அவங்க நம்ம வார்த்தைய படிக்க மாட்டாங்களா"ன்னான். கட்டுமரத்த சொன்னேன். இங்கிலீஷ் அகராதியில கேட்டமரான்னு இருக்குல, அது நம்ம கட்டுமரந்தான்டா, தூத்துக்குடிப் பக்கம் நீ பாத்தியே அதேதான். மொளகுத்தண்ணிய மல்லிகட்டானின்னு ஒரு சூப்பாக்கி வச்சிருக்காங்க, சுருட்டு செரூட் ஆயிருச்சு. அவனுக்கு தாங்க முடியாத சந்தோசம், மல்லிகட்டானி மல்லிகட்டானின்னு வீடு பூரா ஓடுனான், ஆச்சிக்கு சளி புடிச்சு அன்னைக்கு நெசமாவே மொளகு ரசம் வச்சிருந்தேன், அவன் வந்து "ஆச்சி, டிரிங்க் மல்லிகட்டானி"ன்னு டம்ளர நீட்டுறான்.

எனக்கும் ஒண்ணு நடந்திருக்கு, அத சொல்லாம விடக்கூடாது. என் வீட்டுக்காரரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு பாக்குறாங்க, போன மாசம் வெளி மாநிலத்துல இருந்து ஒரு யாவாரி போன் அடிச்சப்ப அவங்க குளிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் எடுத்துட்டேன். "ஹி இஸ் டேக்கிங் பாத், ப்ளீஸ் கால் ஆஃப்டர் டென் மினிட்ஸ்"னு சொல்லி வச்சதுக்கு அப்புறந்தான், நான் தமிழ்ல யோசிக்கவே இல்லையேன்னு தோணுச்சு. ரெண்டு வருசமா சாக்ஸுக்கு டப்பிங் குடுத்தது நான்தான.

சாக்ஸு இப்ப ரொம்ப அழுக்காயிட்டான், சட்னி, சாம்பாரு, கிரேயான்னு எல்லாம் அவன் மேல. நேத்து துவச்சு மாடிக் கொடியில கிளிப் போட்டு தொங்க விட்டேன். கொஞ்ச நேரத்துல பாப்பாவ காணோம்னு மேல போய் பாத்தா, கொடிக்கு கீழ அண்ணாந்து நிக்கிறா. தண்ணி சொட்டு சொட்டா அவ நெத்தியில விழுது. மெதுவா கேக்குறா,

"சாக்ஸு... ஆர் யூ கோல்டா?"